‘விம்பர்’ என்ற வார்த்தைக்கு நான் எழுதிய அர்த்தம்

கல்யாண வீடியோவில் பெண் அழவில்லை என்றால் நாங்கள் அழ வைத்துவிடுவோம். அது எங்கள் தொழில். பெண் சிரித்துக்கொண்டே கார் ஏறியிருப்பாள். அதை மெதுவாக ஓடவிட்டு, அவள் அம்மாவின் முகத்தைப் பக்கத்தில் ஒட்டி, பின்னால் ஒரு பாசப் பாட்டைப் போட்டு, பத்தாததற்கு நாலு வினாடி தேம்பல் சத்தத்தையும் சேர்த்துவிட்டால் போதும். டிவிடி பார்க்கிற பெரியம்மாக்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். “அன்னிக்கு நான் கவனிக்கலியே, இப்படியா அழுதுச்சி இந்தப் பொண்ணு” என்பார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணே அதை நம்பிவிடுவாள்.

2005-லிருந்து ஏழு வருஷம் சிதம்பரத்தில் ஒரு வீடியோ மிக்ஸிங் கடையில் இந்தப் பாவத்தைச் செய்தேன். கேமராவில் எடுத்துவரும் டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு டிவிடியாக்கித் தருவது என் வேலை. வீடு கடலூரில். ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று நடுவில் தண்டவாளத்தையே பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். அதனால் பெரும்பாலும் பஸ்தான். ஜன்னலோரம் கிடைத்தால் தூக்கம், கிடைக்காவிட்டால் சண்டை. சண்டை போட எனக்கு நன்றாக வரும்.

கடையில் நாங்கள் மூன்று பேர். முதலாளியை அண்ணே என்று கூப்பிடுவேன். கேமரா பிடிப்பவரை மாமா என்று கூப்பிடுவேன். சொந்தமெல்லாம் இல்லை, கூப்பிடக் கூப்பிட ஒட்டிக்கொண்ட முறை. மாமா நல்ல கேமராக்காரர்தான், ஒரே ஒரு வியாதியைத் தவிர. பதிவுப் பொத்தானை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். மாமாவுக்கு இந்தக் கணக்கு அடிக்கடி தலைகீழாகிவிடும். நிறுத்துகிறேன் என்று அமுக்கி ஓடவிட்டுவிடுவார். கேமராவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பந்திக்குப் போவார், அது பாட்டுக்குத் தரையையும் செருப்புகளையும் எடுத்துக்கொண்டு போகும். எல்லாக் கேமராக்காரர்களுக்கும் இந்த வியாதி கொஞ்சம் உண்டு. கடையில் இந்தக் காட்சிகளுக்கு ‘தரை’ என்று பெயர். “இன்னிக்கு டேப்புல தரை எவ்ளோ?” என்றுதான் கேட்போம். தரையை வெட்டித் தூரப் போடுவதுதான் என் முதல் வேலை.

ஒருமுறை சென்னைக்குப் போன அண்ணன், சவுண்ட் எஃபெக்ட் சிடி ஒன்றை வாங்கிவந்தார். இடி, மழை, கைதட்டல், குதிரை ஓட்டம், கண்ணாடி உடைவது என்று ஏகப்பட்ட சத்தம். குதிரைக்கும் கண்ணாடிக்கும் எங்கள் கல்யாணங்களில் வேலையில்லை. அழுகைக்குத்தான் வேலை. ‘க்ரை’ என்ற ஃபோல்டரைத் திறந்தால் வெள்ளைக்காரர்கள் விதவிதமாக அழுதார்கள். சாப், வீப், ஹவுல், விம்பர் என்று ஒவ்வோர் அழுகைக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

நான் லீவு போட்டிருந்த ஒரு நாளில், பெயரைப் படித்துப் பார்க்காமல், பெண் கிளம்பும் காட்சிக்கு அண்ணன் ‘ஹவுல்’ போட்டுவிட்டார். அது சாவு வீட்டு அலறல். பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கல்யாணம் அது. மாப்பிள்ளையின் அம்மா டிவிடியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். “எங்கூட்டுக்கு வர்றதுக்கா இந்தப் பொண்ணு இந்த அழுவ அழுவுது?” என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் அண்ணன் என்னிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். “தங்கச்சி, நீ பி.ஏ. இங்கிலீஷ். மூணு கட்டம் போடு. ஒண்ணுல வார்த்தை, ஒண்ணுல தமிழ்ல அர்த்தம், ஒண்ணுல எங்க போடணும்னு பயன்பாடு. எழுதி செவுத்துல ஒட்டிடு. நீ லீவு போட்டா நான் மறுபடியும் எதையாவது போட்டுத் தொலைச்சிருவேன்.”

சாப் என்பதற்குத் தேம்பல் என்று எழுதினேன். பயன்பாடு: பெண் கார் ஏறும் காட்சி, நாலு வினாடி. வீப் என்றால் அழுகை. பயன்பாடு: பெண்ணின் அம்மா முகம் வரும்போது, மெதுவாக. ஹவுல் என்றால் ஓலம். பயன்பாடு: கல்யாணத்துக்கு ஆகாது, அண்ணன் தொடவே வேண்டாம்.

விம்பரில்தான் மாட்டிக்கொண்டேன். அகராதியைப் பார்த்தால், ஈனக்குரலில் அழுவது, சிணுங்குவது, முனகுவது என்று மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கழன்றுகொண்டது. எனக்கு அது சரிப்படவில்லை. சிணுங்குவது பிள்ளைகள், கேட்டது கிடைக்காதபோது. முனகுவது காய்ச்சல்காரர்கள். விம்மலுக்கு நெஞ்சு ஏறி இறங்கவேண்டும், விசும்பலுக்கு மூக்கு வேலை செய்யவேண்டும். சிடியில் இருந்தது இவை எதுவும் இல்லை. வாய் மூடியிருக்கிறது, மூடிய வாயையும் மீறிக்கொண்டு மெல்லிசாக ஒரு சத்தம் வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. பத்து தடவை போட்டுக் கேட்டேன். பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த கேமரா மாமா, “அடி வாங்குன நாய்க்குட்டி மாரி இருக்குது” என்றார். சரி, தொலையட்டும் என்று ‘நாய்க்குட்டி முனகல்’ என்றே எழுதினேன். பயன்பாடு என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டுத் தாளை ஒட்டிவிட்டேன்.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். நாள் முழுவதும் மோட்டார் இரைச்சலிலேயே இருந்ததால் அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ரகசியம் சொன்னால் எதிர்வீட்டுக்கும் தெரியும். தும்மினால் தெருமுனையில் இருக்கிற ஆடு நிமிர்ந்து பார்க்கும். ஒருமுறை அஞ்சு ஹெச்.பி. மோட்டார் ஒன்று காலில் விழுந்து, இடது கால் கட்டைவிரல் நகம் கறுத்துக் கோணலாகிப் போயிற்று. அன்றைக்குக்கூட அவர் கத்தியது மோட்டாரைக் கொண்டுவந்த ஆளைப் பார்த்துத்தான். வலிக்கிறது என்று சொல்லவில்லை. ஆம்பளை அழுவது அவருக்கு ஆகவே ஆகாது. டிவியில் எவனாவது கண்ணைக் கசக்கினால், “எழுந்து போய் மூஞ்சக் கழுவுடா” என்று டிவியைப் பார்த்துச் சொல்வார்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. அண்ணாகிராமத்தில் அத்தைக்கு முந்திரித் தோப்பு உண்டு, தோப்போடு ஒரு மகனும் உண்டு. நான் பிறந்தபோதே அந்த மகனுக்கு என்று அப்பாவும் அத்தையும் பேசிவைத்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. நானும் அவர்களைக் கேட்காமல், எங்கள் கடைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவரைக் கட்டிக்கொள்வதாக முடிவு செய்துவிட்டேன். ஆல்பத்துக்கு லேமினேஷன் போட அந்தக் கடைக்குப் போய்வந்ததில் ஆரம்பித்த விவகாரம். லேமினேஷன் தேவைப்படாத நாட்களிலும் போனேன்.

வீட்டில் சொன்ன அன்று அப்பா ஒரு பகல் முழுக்கக் கத்தினார். தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது, தனியாக யாருக்கும் சொல்லவேண்டிய வேலை எங்களுக்கு இல்லாமல் போயிற்று. மறுநாள் அம்மாவிடம், “அவ இஷ்டம்னு சொல்லிடு” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. அவருடைய பிடிவாதம்தானே எனக்கும் வந்திருக்கிறது.

பேசாமல் இருந்தார் என்றால் என்னை விட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை. தினம் காலையில் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவார். வழி நெடுக ஒரு வார்த்தை வராது. ஒருநாள் பாதி வழியில் டயர் பஞ்சர். வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் பஞ்சர் கடையில் நிறுத்தினார். அப்போதும் நான் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன், இறங்கச் சொல்லட்டுமே என்று. அப்பா பஞ்சர் ஒட்டுகிறவரிடம், “பின்னாடி ஒக்காந்திருக்கறவங்கள எறங்கச் சொல்லுங்க” என்றார். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “எறங்கச் சொல்றாருங்க” என்றார். இறங்கினேன். எட்டு மாசம் இப்படியே ஓடியது.

2008 வைகாசியில் கடலூரில் கல்யாணம். கேமரா எங்கள் கடை, வேறு யார் எடுப்பது. நான் அழமாட்டேன் என்று அண்ணனிடம் பந்தயம் கட்டியிருந்தேன். அத்தனை பெண்கள் அழுவதை அணு அணுவாக வெட்டி ஒட்டியவள், நான் போய் அழுவேனா? தோற்றவர் கடைக்கே பிரியாணி வாங்கித்தர வேண்டும்.

எங்கள் பக்கம் கல்யாண மண்டபத்து ஸ்டோர் ரூம் சாவி நம்பிக்கையான ஒருவர் இடுப்பில் இருக்கும். அரிசி, காய்கறி, சீர்ப் பாத்திரம் எல்லாம் அங்கேதான். பெரும்பாலும் பெண்ணின் தாய்மாமன் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வார். என் கல்யாணத்தில் சாவியை அப்பா பிடுங்கிக்கொண்டார். மேடையில் செய்யவேண்டிய சடங்குகளை வந்து செய்தார், என் முகத்தைப் பார்க்காமல் செய்தார், உடனே ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டார். பெண்ணைப் பெற்றவர் வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிடவேண்டிய நேரத்தில், உள்ளே கத்திரிக்காய்க்குக் காவல் இருந்தார்.

சாப்பாடு முடிந்து, மத்தியானம் சிதம்பரத்துக்குக் கார் கிளம்பும் நேரம். அம்மா அழுதாள், சித்திகள் அழுதார்கள், எனக்குச் சம்பந்தமே இல்லாத நாலு பேர் அழுதார்கள். நான் சிரித்துக்கொண்டே கையாட்டினேன். அப்பா வரவில்லை. அம்மா போய்க் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினாள். “மூட்டையக் கட்டிட்டு வராராம்” என்றாள். கார் கிளம்பும் வரைக்கும் அவர் வரவில்லை. அத்தை மட்டும் காருக்குள் கேட்கிற மாதிரி யாரிடமோ சொன்னாள்: “எங்கண்ணன் மனசார அனுப்பல. அதான் வாசலுக்கே வரல.”

பந்தயத்தில் நான்தான் ஜெயித்தேன். பிரியாணி வந்தது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு இறங்கவில்லை. எட்டு மாசம் பேசாமல் இருந்ததைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பெற்ற பெண் வீட்டை விட்டுப் போகும்போது பத்தடி தூரத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாரே, அது நெஞ்சில் கிடந்து அறுத்தது. அத்தை சொன்னது உண்மையாக இருக்குமோ என்ற பயம் வேறு.

ஆனி மாசம் முழுக்க முகூர்த்தம். கடைப் பெண்ணின் கல்யாணம் என்றால் வரிசையில் கடைசியில்தான் நிற்கும், வாடிக்கையாளர் டேப்பையெல்லாம் முடித்த பிறகுதான் கை வைக்கமுடியும். இந்த நேரத்தில் அப்பா கடைக்குப் போன் பண்ண ஆரம்பித்தார். எனக்கு இல்லை, அண்ணனுக்கு.

முதல் தடவை போனை வைத்துவிட்டு அண்ணன் சொன்னார்: “உங்கப்பா. ஸ்டோர் ரூமெல்லாம் வீடியோல வருமான்னு கேக்கறாரு. ஒரே குப்பையா கெடந்துச்சாம், காட்டவேணாம்னு சொல்றாரு.”

நாலு நாள் கழித்து மறுபடியும். “முகூர்த்தம் மட்டும் இருந்தா போதுமாம். மீதிய கட் பண்ணிடச் சொல்றாரு. எதுக்கு வளவளன்னு, அப்படிங்கறாரு.”

மூன்றாவது தடவை எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. “இன்னும் என்னண்ணே கட் பண்ணணுமாம்? பொண்ண எடுத்துட்டு மாப்பிள்ளைய மட்டும் வச்சிக்கலாமான்னு கேளுங்க” என்றேன். என் கல்யாணத்தை எவ்வளவு சின்னதாக வெட்டமுடியுமோ அவ்வளவு சின்னதாக வெட்டப் பார்க்கிறார் என்றுதான் புரிந்துகொண்டேன். வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

ஆனி கடைசியில் அப்பா நேரிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு பண்ருட்டிப் பலாப்பழம். அதை பஸ்ஸில் கடலூரிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் அவருக்கு நாலடி தள்ளி, கம்ப்யூட்டர் முன்னால். என்னைப் பார்க்கவில்லை. நானும் கிள்ளையில் நடந்த யாரோ ஒருவர் கல்யாணத்தை வெகு அக்கறையாக வெட்டிக்கொண்டிருந்தேன்.

“அந்த டேப்பு போட்டுப் பாத்துட்டீங்களா தம்பி?” என்றார் அப்பா. அவர் மெதுவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டார். எதிர்க்கடையில் என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் எடுப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“இன்னும் இல்லங்கப்பா. உங்க பொண்ணுதான் பாக்கணும்.”

“அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. ஸ்டோர் ரூம்ல எடுத்தது இருந்தா அதப் பாக்கவேணாம். அப்படியே எடுத்து வீசிடணும்.”

“பாக்காம எப்படிங்க வீச முடியும்?”

அப்பா யோசித்தார். “கண்ண மூடிக்கினு வீசச் சொல்லுங்க” என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பி, “கண்ண மூடிக்கினு வீசணுமாம்” என்றார். நான் அண்ணனிடம், “கண்ண மூடிக்கினு கட் பண்ணா மாப்பிள்ள கழுத்துதான் போவும்னு சொல்லுங்க” என்றேன். அப்பாவுக்குக் காது கேட்காமலா இருக்கும்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். பலாப்பழத்தை அன்று நாங்கள் மூன்று பேரும் அரிந்து தின்றோம். கோபத்திலேயே நான் இருபது சுளை தின்றிருப்பேன்.

கடைசி முகூர்த்தம் முடிந்த மறுநாள் என் டேப்பைப் போட்டேன். மேடை, தாலி, பந்தி எல்லாம் ஒழுங்காக ஓடின. அதற்கப்புறம் படம் ஒரு குலுக்குக் குலுக்கியது. தரை வந்தது. மாமாவின் வியாதி. சாப்பிடப் போகும்போது கேமராவை ஸ்டோர் ரூமில் வைத்திருக்கிறார், நிறுத்துகிறேன் என்று ஓடவிட்டிருக்கிறார். ஒரு வெங்காய மூட்டை, சிமென்ட் தரை, கவிழ்த்துவைத்த அண்டா ஒன்றின் விளிம்பு. வெட்டுவதற்குக் கையைக் கொண்டுபோனேன். அப்போது இரண்டு கால்கள் வந்து மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன. கால்கள் மட்டும்தான் தெரிந்தன. இடது கட்டைவிரல் நகம் கறுத்துக் கோணலாக இருந்தது.

வெளியே நாதஸ்வரம் தூரத்தில் கேட்டது. பிறகு ஒரு சத்தம். மெல்லிசாக வந்தது, நின்றது, மறுபடி வந்தது. கேமரா ஏதோ கோளாறு செய்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன். வாய் மூடியிருக்கிறது. மூடிய வாய்மேல் துண்டையும் வைத்து அழுத்தியிருக்க வேண்டும். அதையும் மீறிக்கொண்டு வருகிறது. தும்மினால் தெருமுனை ஆடு நிமிர்ந்து பார்க்கும் மனுஷன், கதவுக்கு வெளியே போகாத அளவுக்கு அழுதுகொண்டிருந்தார். அந்தக் கட்டைவிரல் மட்டும் தரையில் அழுந்தி அழுந்தி எழுந்தது.

அம்மாவின் குரல் வந்தது. “ஏங்க, வண்டி கெளம்புது. புள்ள பாத்துக்கினே நிக்குது, வாங்க.”

சத்தம் சட்டென்று நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கமான குரலில் அப்பா கத்தினார். “மூட்டையக் கட்டிட்டு வரேன். நீ போ.”

அம்மாவின் கொலுசு போனது. மூட்டையைக் கை தொடவே இல்லை. அது அப்படியே வாய் பிரிந்து கிடந்தது. மறுபடியும் அந்தச் சத்தம். அப்புறம் மாமாவின் செருப்பு ஓடிவந்தது. “ஐயையோ, ஓடிக்கினே இருந்துருக்குது” என்று கேமராவைத் தூக்கினார். படம் சுழன்றது. அப்பாவின் குரல்: “என்னாது, இவ்ளோ நேரமா அது ஓடிக்கினா இருந்துச்சி?” அதோடு படம் நின்றது.

அடுத்த காட்சியில் நான் கார் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன். கை ஆடுகிறது. கண் மட்டும் எல்லார் தலைக்கும் மேலாக மண்டப வாசலைத் தேடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் பின்னால் வந்து நின்று, “பாரேன், ஒரு சொட்டு இல்ல. ஒரு ‘சாப்’ போட்டுக்கலாமா தங்கச்சி?” என்றார். ஹெட்போன் மாட்டியிருப்பதால் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். திரும்பினால் பந்தயத்தில் தோற்றவளாகியிருப்பேன்.

அன்று எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அப்பா அழுததில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று தெரியவில்லை, வந்தது. கூடவே ஒரு கெட்ட யோசனையும் வந்தது. ஆடிக்கு என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவார்கள். அப்போது வீடியோ பார்க்கச் சொந்தமெல்லாம் கூடும், அண்ணாகிராமத்து அத்தையும் வருவாள். இதை அப்படியே உள்ளே வைத்துவிட்டால்? ‘மனசார அனுப்பல’ என்று சொன்ன வாய் மூடிக்கொள்ளும். நான் ஒரு வார்த்தை பேசவேண்டாம். அந்தக் கட்டைவிரல் பேசும்.

இரண்டு நாள் அந்த யோசனையோடு குடித்தனம் நடத்தினேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. வைத்துப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும் அப்பாதான் கண்ணுக்குத் தெரிந்தார். மூன்று போன், ஒரு பலாப்பழம். தனக்கென்று இதுவரை என்னிடம் எதையும் கேட்காத மனுஷன், பேசாமலிருந்த அத்தனை மாசத்திலும் என்னிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான். அதைக் கொண்டுபோய் அத்தை முன்னால் போட்டு ஓட்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் முழுசாக விட்டுக்கொடுக்கவும் எனக்குத் தெரியாது. அழுகை வருகிற இடத்தையெல்லாம் வெட்டினேன். வெங்காய மூட்டையும் அந்த இரண்டு கால்களும் மட்டும் பத்து வினாடி இருக்கட்டும் என்று வைத்தேன். அதன் விளிம்பில் லேசாக எட்டிப்பார்த்த சத்தம் வெளியே தெரியாதபடி, அதற்குமேல் மங்கள இசை சிடியிலிருந்து கெட்டிமேளத்தை முழுச் சத்தத்தில் போட்டேன்.

ஆடி ஞாயிற்றுக்கிழமை, கடலூர் வீட்டில் கூடம் நிறைய ஆட்கள். அத்தை டிவிக்கு நேர் எதிரே இடம் பிடித்திருந்தாள். அப்பா கதவோரம் நின்றார், எந்த நேரமும் வெளியே போகத் தயாராக, ஒரு காலில் செருப்புடன். மேடை ஓடியது, பந்தி ஓடியது. யார் எந்தப் புடவை என்று பேச்சு ஓடியது. திடீரென்று திரையில் வெங்காய மூட்டை.

அப்பா இன்னொரு செருப்பைப் போட்டுக்கொண்டார். ஆனால் போகவில்லை. வாசலில் ஒரு கால், உள்ளே ஒரு கால், அப்படியே நின்றுவிட்டார். கால்கள் வந்து உட்கார்ந்தன. கெட்டிமேளம் இடித்தது. அண்டா விளிம்பு மேளத்துக்கு ஆடுவது மாதிரிகூட இருந்தது.

“என்னாடி இது, வெங்காயத்தையெல்லாம் எடுத்து வச்சிருக்கீங்க?” என்றாள் அத்தை.

“கேமராக்காரரு தெரியாம எடுத்துட்டாரு அத்தை” என்றேன்.

அம்மா திரையைப் பார்த்தாள். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். கெட்டிமேளம் முடிந்து, நான் கார் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றேன். கூடத்தில் எல்லாரும் என் புடவையைப் பேச ஆரம்பித்தார்கள்.

அப்பா இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என் பக்கத்தில் வந்து நின்றார்.

“மேளச் சத்தம் ஜாஸ்தியா இருக்குது” என்றார். அம்மாவைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து. “கொஞ்சம் கொறைச்சிருக்கலாம்.”

பத்து மாசத்துக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை ஒரு குறை. அவர் அப்படித்தான்.

“கொறைக்க முடியாதுப்பா” என்றேன். “கொறைச்சா வேற சத்தம் கேக்கும்.”

அவர் டிவி பக்கம் திரும்பினார். பிறகு என் தலையில் கை வைத்து, ஊருக்கே கேட்கிற குரலில், “அப்ப இருக்கட்டும்” என்றார்.

காபி போடுவதாகச் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனேன். பால் பொங்கி வழிந்ததை நான் கவனிக்கவில்லை. வாயில் புடவைத் தலைப்பை அழுத்திக்கொண்டு நின்றிருந்தேன். அதையும் மீறிக்கொண்டு மெல்லிசாக ஒன்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. சிடியில் பத்து தடவை கேட்ட அதே சத்தம். கூடத்தில் அப்பா ரிமோட்டை வாங்கி டிவி சத்தத்தை ஏற்றுவது கேட்டது.

மறுநாள் காலையில் மொபெட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டே வந்தார். மோட்டார் விலை, அத்தை முழங்கால், ரயில் எப்போது விடுவார்கள். பஞ்சர் கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த டியூபைக் கீழே போட்டார்.

கடைக்குப் போனதும் சுவரில் ஒட்டியிருந்த தாளின் முன்னால் நின்றேன். விம்பருக்கு எதிரே ‘நாய்க்குட்டி முனகல்’ என்பதை அடித்துவிட்டு, ‘யார் காதிலும் விழக்கூடாது என்று அழுவது’ என்று எழுதினேன். பயன்பாடு என்ற கட்டத்தில் இருந்த ‘இல்லை’யையும் அடித்தேன். அங்கே எழுதியது, நான் 2012-ல் கடையை விட்டு வரும் வரைக்கும் அழியாமல் இருந்தது: ‘காதில் விழுந்தால், மேளத்தைச் சத்தமாகப் போடவும்.’